மாரிக்குள்ள மாடு ஆட்டுக்குத் தீன் வைக்கிற வேலையைக் குறைக்க வழி இருக்கோ?

நீர்வேலி_மாட்டுக்காரி எழுதினது:

வணக்கம் எல்லாருக்கும். கனநாளா வந்து வாசிச்சிட்டுப் போறனான், எழுதிறது இப்பதான். நீண்டுபோனாக் குறை நினையாதேங்கோ.

எங்களிட்ட கறவை மாடு ரெண்டு, ரெண்டும் ஜேர்சிக் கலப்பு, ஒரு நாகு, ஒரு கண்டு, ஆடு ஏழு, ஊர்க்கோழி இருபது வரையில நிக்குது. அவர் கொழும்பில வேலை, வீட்டில நானும் மாமியும் பள்ளிக்கூடம் போற ரெண்டு பிள்ளையளும்தான். நானும் கந்தோருக்குப் போறனான், எட்டரைக்குள்ள போய் நிக்கோணும். கோடையில உதெல்லாம் பெரிய பாரமாத் தெரியிறேல்ல, விடிய மாட்டை அவிட்டுத் தோட்டக்கரையில கட்டினா தன்ர பாட்டில மேயும், ஆடு வேலி வழிய நிண்டு கடிச்சுக்கொண்டிருக்கும். ஐப்பசி பிறந்து மழை இறங்கினாப் பிறகுதான் சீவன் போகுது.

இப்ப எல்லாத்தையும் நாங்கள்தான் அதுகளின்ர வாய்க்குக் கொண்டுபோகோணும். வைக்கல் ஒழுங்கைப் பக்கம், கொட்டில் கோடிக்குள்ள, கிணறு மற்றப் பக்கம், தவிடு பிண்ணாக்கு எல்லாம் குசினிக்குப் பக்கத்து அறையில. இதுக்குள்ள செம்பாட்டுச் சேறு, செருப்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம், வாளியோட நடந்தாப் பாதித் தண்ணி என்ர சட்டையில. வைக்கலுக்கு மேல விரிச்ச படங்கு காத்துக்குக் கிழிஞ்சு மேல்பக்கம் நனைஞ்சுபோச்சு, உருவினாப் புளிச்ச மணம் வருது. புல்லு வெட்டினாத் தண்ணி ஒழுக ஒழுகத்தான் வருது, மாடு அதை எவ்வளவு திண்டாலும் வயிறு ஒட்டினபடி நிக்குது, சாணியும் தண்ணியாப் போகுது. ஆட்டுக்குக் குழை ஒடிச்சுப் போட்டா ரெண்டு வாய் கடிச்சிட்டு மிச்சத்தை மிதிச்சுப்போட்டுத் திரும்பவும் நிண்டு கத்துதுகள். கூலிக்கு வாற ஐயா மழையெண்டா வரமாட்டார், அவரில பிழை சொல்லவும் ஏலாது.

விடிய நாலரைக்கு எழும்பினாலும் பிள்ளையளுக்குத் தலை இழுக்கக்கூட நேரம் கிடைக்கிறேல்ல. மாமி வித்துப்போடு எண்டுறா, எனக்கு மனமில்லை. புதுசாக் கொட்டில் கட்டக் காசும் இல்லை. இருக்கிறதை வைச்சு இந்த வேலையை எப்பிடிப் பாதியாக்கலாம் எண்டு அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

சங்கானையான் எழுதினது:

பிள்ளை, நீங்கள் எழுதினதை ரெண்டுதரம் வாசிச்சன். தீன் வைக்கிற வேலை உங்களுக்குக் கொஞ்சம்தான், தூக்கிக்கொண்டு நடக்கிற வேலைதான் கூட. வைக்கல் ஒரு மூலை, தண்ணி ஒரு மூலை, தவிடு ஒரு மூலை எண்டா ஆருக்கும் சீவன் போகத்தான் செய்யும். முதல் அதை மாத்துங்கோ, மற்றதெல்லாம் பேந்து பாப்பம்.

மாட்டுக்கொட்டிலுக்குள்ள மாடுகளின்ர தலைமாட்டுப் பக்கம் மேல ஒரு பரண் அடியுங்கோ. ரெண்டு பனங்குத்தி, குறுக்கால நாலைஞ்சு சிலாகை, அவ்வளவுதான், ஒரு பொழுது வேலை. மழை விட்டிருக்கிற ஒரு நாளில ஒரு கிழமைக்குக் காணுமான வைக்கலை அதில ஏத்திப்போட்டா மற்ற நாளில கையை நீட்டி உருவித் தொட்டிக்குள்ள போடுறது மட்டும்தான் வேலை. தவிடு பிண்ணாக்கையும் கொட்டிலடிக்குக் கொண்டுவாங்கோ, மூடியுள்ள பிளாஸ்ரிக் பரல் ஒண்டுக்குள்ள போட்டு மூடி வைச்சா எலி போகாது, ஈரமும் போகாது. பரலுக்குக் கீழ ரெண்டு கல்லு வையுங்கோ, நிலத்தில வைச்சா அடியால வேர்த்துக் கட்டிபத்தும்.

வைக்கல் போருக்கு வருவம். படங்கை வைக்கலுக்கு மேல அப்பிடியே போத்தினா உள்ளுக்க இருக்கிற ஆவி வெளிய போகாமல் வேர்த்து வடியும், உங்களுக்கு வாற மணம் மழைத்தண்ணியால மட்டும் வந்ததில்லை. வைக்கலுக்கு மேல முதல் நாலு தடியைக் குறுக்கால போட்டு, அதுக்கு மேல படங்கை இழுத்தாக் காத்துப் போக இடம் இருக்கும். படங்குக்கு ஆணி அடிக்காதேங்கோ, அதாலதான் கிழியிறது. உரப்பைக்குள்ள மணலைக் கட்டி நாலு மூலையிலயும் தொங்கவிட்டாக் காத்துக்குத் தூக்கினாலும் தானா இறங்கும். எங்கட அப்பாவின்ர காலத்தில படங்கே இல்லை, போரின்ர முதுகைக் கூராக் கட்டிக் கிடுகைப் போட்டுவிட்டா மாரி முழுக்க நனையிறது மேல ஒரு சாண்தான். வைக்கலை ஒரு பக்கத்தால மட்டும், காத்து வராத பக்கத்தால உருவுங்கோ. மேலால கிளப்பினாப் பள்ளம் விழுந்து தண்ணி உள்ளுக்க இறங்கும்.

சேத்துக்கு, கிணத்தடியிலயிருந்து கொட்டில் வரைக்கும் பொச்சுமட்டையை முதுகு மேல பாக்கக் கவிட்டு அடுக்குங்கோ. கொஞ்சம் கொஞ்சமா அமிஞ்சு நல்ல நடைபாதையா வரும், அடுத்த வருசம் அள்ளிப் பசளைக்குப் போடலாம். சீமெந்து தேவையில்லை.

இன்னொண்டு. இருட்டுக்க வைக்கலுக்குள்ள கையை விடாதேங்கோ. எலி இருக்கிற இடத்துக்குப் புடையன் பாம்பு வரும், மாரியில காய்ஞ்ச இடம் தேடி வைக்கலுக்குள்ளதான் சுருண்டு கிடக்கும். முதல் தடியால ரெண்டு தட்டுத் தட்டிப்போட்டு, ரோச் அடிச்சுப் பாத்துத்தான் உருவோணும்.

வடமராட்சிப்_பெடியன் எழுதினது:

அக்கா, ஐயா சொன்னது சரி, நான் தண்ணிப் பக்கம் சொல்லுறன். பால் மாடு ஒண்டு ஒரு நாளைக்கு நாப்பது அம்பது லீற்றருக்குக் குறையாமல் குடிக்கும், ரெண்டு மாட்டுக்கு அதை வாளியில சுமந்தா முள்ளந்தண்டு போயிடும். மழைக்காலத்தில கொஞ்சம் குறைய எண்டாலும் தவிடும் வைக்கலும் திண்டாத் தண்ணி கேக்கும்தானே. கொட்டில் தகரக் கூரையோ? அப்ப கூரை விளிம்பில ஒரு பீலி பூட்டி இருநூறு லீற்றர் பரல் ஒண்டைக் கல்லடுக்கி இடுப்பளவு உயரத்தில வையுங்கோ, மழைத்தண்ணி தானா நிறையும், மழை இல்லாத நாள் மோட்டரால அடிச்சுவிடலாம். பரலின்ர அடியால ஒரு பைப்பை இறக்கித் தொட்டிக்குள்ள மிதவை வால்வு ஒண்டு பூட்டினா மாடு குடிக்கக் குடிக்க நிரம்பும். வீட்டுத் தண்ணித் தாங்கிக்குள்ள பூட்டுறதே அந்த வால்வுதான், எந்தச் சாமான் கடையிலயும் இருக்கும். தொட்டிக்குள்ள மாடு மூக்கால தள்ளி வால்வை உடைக்கும், அதனால அந்த மூலையை ஒரு பலகையால மூடிவிடுங்கோ. முதல் மழைத்தண்ணியை மட்டும் விட்டிடுங்கோ, கூரையில காகத்தின்ர எச்சமெல்லாம் கழுவுப்பட்டுத்தான் வரும்.

கோழிக்கு நாலு அங்குலப் பிவிசி பைப்பை ஒரு முழங்கையோட கூட்டுச் சுவரில நிமித்திக் கட்டிப்போட்டு மேலால தீனைக் கொட்டி மூடி போட்டாச் சரி, கோழி திண்ட அளவுக்குக் கீழ இறங்கும், நாலைஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான் பாக்கோணும். வாயில கொஞ்சம் தகரத்தைக் கூரை மாதிரி வளைச்சுவிடுங்கோ, சாரல் பட்டாத் தீன் பிசினாக் கட்டும். பின்னேரம் கோழி அடைஞ்சாப் பிறகு வாயை மூடிவிடோணும், இல்லாட்டி எலிக்குத்தான் சாப்பாடு.

பிறகு தலையில மாட்டுற ரோச் ஒண்டு வேண்டுங்கோ. இதைவிடப் பிரயோசனமான சாமான் மாரிக்குக் கிடையாது, ரெண்டு கையும் சும்மா இருக்கும். குடையை வீட்டில வைச்சிட்டு மழைக்கோட்டைப் போடுங்கோ.

அடுத்த வருசத்துக்கு எண்டா சைலேஜ் போடுங்கோ. நான் கோ மூண்டு எண்ட தீவனப் புல்லை ஆவணி புரட்டாதியில வெட்டி அரை நாள் வெயிலில வாடவிட்டு, ஒரு அங்குலம் ரெண்டு அங்குலமா நறுக்கிப் பரலுக்குள்ள போட்டுக் காலால மிதிமிதியெண்டு மிதிச்சு, காத்தே இல்லாமல் பொலித்தீனால இறுக்கி மூடிறனான். ஒரு மாசம் கழிச்சு ஒவ்வொண்டாத் திறக்கலாம். ஒரு பரலில நூறு கிலோவுக்கு மேல பிடிக்கும், திறந்தாப் பிறகு நாளுக்கு ஒரு படையா மேலால எடுத்துக் கெதியா முடிக்கோணும். மழைக்குள்ள புல்லு வெட்டப் போறதே இல்லை இப்ப.

சங்கானையான் எழுதினது:

தம்பியின்ர உந்த மாட்டு ஊறுகாயை எங்கட மாட்டுக்குக் குடுத்துப் பாத்தன், மணந்து பாத்திட்டு முகத்தைத் திருப்பிச்சு. பனை ஓலையைக் கிழிச்சுப் போட்டா ஓடி வருது. எங்கட ஊர் மாடு ஓலை திண்டு வளந்த மாடு.

வடமராட்சிப்_பெடியன் எழுதினது:

ஐயா முதல் ரெண்டு மூண்டு நாள் எந்த மாடும் அப்பிடித்தான் நிக்கும், தவிட்டோட கொஞ்சம் கலந்து பழக்கோணும் :) ஓலை நல்லதுதான், ஆனா மழைக்குள்ள வழுக்கிற பனையில ஆர் ஏறிறது? அக்காவோ?

மீசாலை_இராசாத்தி எழுதினது:

தங்கச்சி, ஆட்டைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல, நான் சொல்லுறன். ஆடு நிலத்தில கிடக்கிறதைத் தின்னாது, அது மேல பாத்துக் கடிக்கிற சீவன். குழையை நிலத்தில போட்டா அது உங்களுக்குக் கூட்டுற வேலைதான், அதின்ர வயித்துக்குள்ள போகாது.

நான் செய்யிறது இதுதான். பின்னேரம் மழை கொஞ்சம் விட்டவுடன கொக்கத்தடியால பூவரசு, கிளிசறியா, முள்முருக்கு எது அம்பிடுதோ அதை இழுத்து, அடிக்கட்டை ஒரு பக்கமா வரச் சேத்து ஒரு பிடி மொத்தத்துக்குக் கட்டுறது. கட்டினதை உடன குடுக்கிறேல்ல. தாழ்வாரத்தில அடிக்கட்டை மேல, இலை கீழ வரத் தொங்கவிட்டா இரவு முழுக்கத் தண்ணி நுனியால சொட்டி முடிஞ்சிடும், விடியேக்க இலை கையில பிடிச்சா ஈரமில்லாமல் மெல்ல வாடியிருக்கும். கிளிசறியாவைப் பச்சையாக் குடுத்தா மணத்துக்குத் திங்காத ஆடும் வாடினாப் பிறகு திங்கும். விடிய எழும்பி அந்தக் கட்டை அப்பிடியே கொண்டுபோய்க் கொட்டில் வளையில இருக்கிற கயித்தில கொளுவிவிட்டாச் சரி. ஆட்டின்ர மூக்குக்குக் கொஞ்சம் மேல நிக்கோணும், மிச்சம் உயரம் போனாக் காலைத் தூக்கிக் கயித்தில மாட்டும், குட்டியள் உள்ள கொட்டிலெண்டாக் கூடக் கவனம். ஏழு ஆட்டுக்கு ஒரு கட்டுக் காணாது, ரெண்டு மூண்டு இடத்தில தூக்குங்கோ, இல்லாட்டிக் கொம்பு பெரிசான ஆடு மற்றதுகளைத் துரத்திப்போட்டுத் தனியத் திங்கும்.

அடுத்த நாள் மிஞ்சின தடியை அடுப்புக்கு வைக்கலாம். பிள்ளையளை விட்டுக் கட்டுவிக்கலாம், என்ர பேரன் சந்தோசமாச் செய்வான்.

கொட்டில் நிலமட்டத்திலயோ இருக்கு? ஏலுமெண்டா மூண்டு நாலடி உயரத்தில சிலாகைத் தட்டுப் போடுங்கோ. ஆடு காய்ஞ்ச இடத்தில படுக்கும், புழுக்கை கீழ விழும், விடியக் கூட்டுற வேலையும் இல்லை. காசு வந்தாப் பிறகு செய்யலாம், அவசரமில்லை.

கால்நடைப்_போதனாசிரியர்_ஓய்வு எழுதினது:

நல்ல விசயங்கள் வந்திருக்கு. தங்கச்சி கேட்டதில ஒண்டுக்கு இன்னும் ஆரும் பதில் சொல்லேல்ல, மாடு புல்லுத் திண்டும் வயிறு ஒட்டி நிக்கிறது ஏனெண்டு.

கணக்கைப் பாருங்கோ. முந்நூற்றம்பது கிலோ மாட்டுக்கு ஒரு நாளைக்கு உலர் தீனாக் கணக்கிட்டாப் பத்துக் கிலோ வரையில வேணும். மழைக்குள்ள கெதியா வளந்த இளம்புல்லில நூற்றுக்குப் பதினைஞ்சுதான் உலர்பொருள், மிச்சம் எல்லாம் தண்ணி. அப்ப நீங்கள் முப்பது கிலோப் புல்லை வெட்டிச் சுமந்து வந்தாலும் மாட்டின்ர வயித்துக்கு நாலரைக் கிலோதான் போகுது, இருபத்தைஞ்சு கிலோத் தண்ணியைத்தான் நீங்கள் சும்மா தூக்கியிருக்கிறியள், அதுக்கு மேல மழைத்தண்ணி வேற. சாணி இளகிறதுக்கும் அதுதான் காரணம். அதனால மாரியில வைக்கலை முன்னுக்கு வையுங்கோ, புல்லைக் குறையுங்கோ. வைக்கல் திண்ட பிறகு குடுக்கிற கொஞ்சப் புல்லு நல்லாச் சமிக்கும், வயிறு ஊதுற பயமும் குறையும். வாழைக்குத்தியை நறுக்கிப் போடுற ஆக்களும் இருக்கினம், வாழைக்குப் பேர்போன நீர்வேலியில கேக்கவே வேண்டாம், ஆனா அதிலயும் தண்ணிதான். வயிறு நிரம்பின மாதிரி இருக்கும், பாலுக்கு உதவாது.

ரெண்டாவது, நேரம். வைக்கலைப் பின்னேரம் கூடப் போடுங்கோ. மாடு இரவிரவா அசைபோடும், நார்த்தீன் வயித்துக்குள்ள புளிக்கேக்க சூடு வரும், அந்தச் சூடுதான் குளிர் இரவில அதைக் காக்கிறது. 2022 மார்கழியில மண்டோஸ் புயல் நேரம் வடக்கிலயும் கிழக்கிலயும் எத்தினை மாடு ஆடு செத்தது எண்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், நூற்றுக்கணக்கில. இங்க பனி கொட்டுறேல்ல, ஆனா நனைஞ்ச உடம்பும் விடாத காத்தும் வெறும் வயிறும் ஒண்டாச் சேந்தா எங்கட மாட்டுக்கு அதுவே காணும். புயல் அறிவிச்சா முதல் நாளே வைக்கலை நிரப்பிப்போட்டு, காத்து வாற பக்கத்தைப் படங்கால மறைச்சுவிடுங்கோ. தங்கச்சிக்கு இதில இன்னொரு லாபமும் இருக்கு. பின்னேரம் வயிறு நிறையத் திண்ட மாடு விடிய நாலரைக்குக் கத்தாது. விடியப் பாலைக் கறந்து, கறக்கேக்க தவிட்டுக் கலவையை வைச்சா முடிஞ்சுது, வைக்கலையும் குழையையும் தண்ணியையும் எல்லாத்தையும் பின்னேரத்துக்குத் தள்ளிவிடலாம்.

தவிட்டுக் கலவையை ஒரு கிழமைக்கு எண்டு காய்ஞ்சபடி கலந்து வைக்கலாம், தண்ணி விடுறது வைக்கிற நேரம் மட்டும். பிண்ணாக்கில பூஞ்சணம் கண்டாத் தட்டிப்போட்டுக் குடுக்கிற வேலை வேண்டாம், எறியுங்கோ, அதில இருக்கிற நஞ்சு பாலுக்குள்ளயும் வரும். கறுத்துப் புளிச்ச வைக்கலும் அப்பிடித்தான், படுக்கைக்குக்கூடப் போடாமல் பசளைக் கிடங்குக்கு அனுப்புங்கோ.

மழைக்குள்ள குழைக்கு எங்க போறது எண்டு மரவள்ளி இலையைப் பச்சையா ஒடிச்சு ஆட்டுக்குப் போடுற ஆக்களும் இருக்கினம், அதில சயனைட் இருக்கு, வெறும் வயித்தில திண்டா ஆடு நிண்ட இடத்தில விழும். ஆட்டை விடிய ஈரப்புல்லில விடாதேங்கோ, குடல்புழுக் குஞ்சு ஈரத்தோட புல்லு நுனிக்கு ஏறி நிக்கும், வெயில் ஏறிப் புல்லுக் காஞ்சாப் பிறகு விடலாம். வெயிலே இல்லாத நாளில கொட்டிலுக்குள்ளயே குழை போதும்.

கடைசியா, வெறுங்காலோட கொட்டில் சேத்துக்குள்ள இறங்காதேங்கோ. 2024 மார்கழியில எங்கட யாழ்ப்பாண மாவட்டத்தில எலிக்காய்ச்சலால ஆக்கள் செத்தவை. எலி மூத்திரம் கலந்த தண்ணி காலில இருக்கிற சின்னக் காயத்தால உள்ளுக்க போனாலே காணும். கம்பூட்ஸ் போடுங்கோ, மாமிக்கும் ஒரு சோடி வேண்டிக் குடுங்கோ. காய்ச்சல் வந்தா மாட்டோட புழங்கிறனாங்கள் எண்டு டொக்டரிட்ட கட்டாயம் சொல்லோணும்.

ஒன்ராறியோ_ஊரான் எழுதினது:

நான் கோப்பாய், இப்ப கனடாவில ஒரு மாட்டுப் பண்ணையில வேலை. உங்கட மழையை வாசிக்க ஊர் ஞாபகம் வருது, இங்க தை மாசி இருபது பாகை மைனஸ். வாளியில தண்ணி வைச்சா மாடு வாய் வைக்க முதல் மேல ஐஸ் கட்டிடும், அதுக்கெண்டு கரண்டில சூடாகிற தொட்டி இருக்கு. ஆனா வேலையைக் குறைக்கிற யோசனை ஒண்டுதான், தீனை நீ சுமக்காதே, மாட்டை அதுக்குக் கிட்டக் கொண்டுபோ. சில பண்ணையள் பனி கொட்ட முதலே ஐந்நூறு கிலோக் காய்ஞ்ச புல்லு உருளையளை வயலில வரிசையா வைச்சிட்டு, மின்வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளித் தள்ளி மாட்டைத் திங்க விடுவினம். தெரிஞ்சவை இதை நல்லாச் செய்தாப் பனிக்காலம் முழுக்க ரக்ரரை அதிகம் எடுக்கத் தேவையில்லை. ஊரில அந்த ஈரத்தில இது சரிவராது, சேத்தில மிதிச்சுப் பாழாக்கும், ஆனா சங்கானை ஐயா சொன்ன பரணும் அதே யோசனைதான்.

பின்னேரத் தீனைப் பற்றிப் போதனாசிரியர் ஐயா சொன்னதுக்கு ஒரு சேதி. மனிற்றோபாவில கொனெஃபல் எண்டு ஒரு விவசாயி, கண்டு போடுற காலத்தில மாடுகளுக்கு மத்தியானம் ஒருக்காலும் இரவு பத்து மணி போல ஒருக்காலும் தீன் வைச்சுப் பாத்திருக்கிறார், முக்கால்வாசிக்கு மேல பகலில கண்டு போட்டிருக்கு. இப்ப இங்க அதை அவற்ற பேரிலயே சொல்லுகினம். உங்கட நாகு சினையெண்டா மழை இரவில ரோச்சோட நிக்காமல் இருக்க இதைச் செய்து பாக்கலாம். உறுதியெண்டு சொல்லேலாது, செலவும் இல்லை.

நீர்வேலி_மாட்டுக்காரி எழுதினது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவியள் எண்டு நினைக்கேல்ல, மாமிக்கு எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினன், பனையோலைக் கதைக்குச் சிரிச்சா.

பரணும் பொச்சுமட்டையும் இந்தச் சனி ஞாயிறு செய்யப்போறம், கூலிக்கு வாற ஐயாவும் மழை இல்லாட்டி வாறன் எண்டவர். குழையைத் தாழ்வாரத்தில தொங்கவிட்டுப் பாத்திட்டன். ஆடு கத்திறது நிண்டிட்டுது, இப்ப மாடு தலையை நீட்டி ஆட்டின்ர குழையை இழுக்குது, அது வேற கதை. நாகு சினைதான், தைக்குள்ள போடும், கனடா அண்ணை சொன்னதைச் செய்து பாப்பன்.

நனைஞ்ச வைக்கலைப் பற்றித்தான் இன்னும் யோசனை. மேல் பக்கம் கறுத்ததை எறியலாம், ஆனா அதுக்குக் கீழ மணம் இல்லாமல் சும்மா ஈரமா ஒரு படை இருக்கு, வெயில் வரும் வரைக்கும் வைச்சா அதுவும் பழுதாப் போயிடும். அதை என்ன செய்யிறது? யூரியா போடலாம் எண்டு ஆரோ சொல்லக் கேள்வி, அது மாட்டுக்கு நஞ்சில்லையோ?

கால்நடைப்_போதனாசிரியர்_ஓய்வு எழுதினது:

நல்ல கேள்வி. கறுக்காத ஈர வைக்கலுக்கு யூரியா சரியான மருந்து, அதில இருந்து வாற அமோனியா பூஞ்சணத்தைப் பிடிக்கவிடாது, வைக்கலும் மெத்தெண்டு வந்து மாடு கூடத் திங்கும். காய்ஞ்ச வைக்கல் நூறு கிலோவுக்கு யூரியா நாலு கிலோ, அதை அம்பது அறுபது லீற்றர் தண்ணியில ஒரு கட்டியும் இல்லாமல் நல்லாக் கரைச்சு, வைக்கலைப் படை படையாப் போட்டுப் பூவாளியால தெளிச்சு, ஒவ்வொரு படையையும் மிதிச்சு, கடைசியில பொலித்தீனால காத்துப் போகாமல் மூடி மூண்டு கிழமை வைக்கோணும். உங்கட வைக்கல் ஏற்கெனவே ஈரம்தானே, அதனால தண்ணியைப் பாதியாக் குறையுங்கோ, ஆனா யூரியாவை வைக்கல் காய்ஞ்சா எவ்வளவு நிறை இருக்குமோ அந்தக் கணக்குக்குத்தான் போடோணும், ஈர நிறைக்குப் போட்டாக் கூடிப்போகும். தராசு இல்லாமல் கண்மட்டத்துக்குச் செய்யிற வேலை இல்லை இது.

திறக்கேக்க கண்ணெரியிற மணம் வரும், அண்டண்டைக்கு வேணுமானதை எடுத்துக் கொஞ்ச நேரம் காத்தில விரிச்சுப்போட்டுத்தான் குடுக்கோணும். முதல் கிழமை சாதா வைக்கலோட கலந்து பழக்குங்கோ. ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச கண்டுக்கு வேண்டாம், ஆட்டுக்கும் வேண்டாம். கரைச்ச வாளியை மாடு ஆடு எட்டுற இடத்தில வைக்காதேங்கோ, அந்தத் தண்ணியைக் குடிச்சாத்தான் நஞ்சு, ரெண்டு மடக்கு விட்டாலே உயிருக்கு ஆபத்து. முதல்தரம் செய்யேக்க உங்கட பகுதிக் கால்நடைப் போதனாசிரியரைக் கூப்பிட்டுப் பக்கத்தில வைச்சுச் செய்யுங்கோ, அவையின்ர வேலையே அதுதான், காசு கேக்கமாட்டினம்.

மீசாலை_இராசாத்தி எழுதினது:

மாடு குழையை இழுக்கிறதுக்கு நடுவில ஒரு கிடுகை மறைச்சுக் கட்டிவிடுங்கோ தங்கச்சி.

சங்கானையான் எழுதினது:

பிள்ளை, வைக்கல் காணாமல் வந்தா இப்ப யாழ்ப்பாணத்தில தேடாதேங்கோ, விலை சொல்லேலாது. கிளிநொச்சிப் பக்கம் சிறுபோக வைக்கல் இன்னும் சில ஆக்களிட்ட இருக்கும், மெசினால கட்டின கட்டாத்தான் வரும், அடுக்கவும் பரணில ஏத்தவும் லேசு. ரெண்டு மூண்டு வீட்டார் சேந்து ஒரு லொறிக்குக் காசு போட்டா ஏத்துக்கூலி தாங்கும், நீர்வேலி கோப்பாய்ப் பக்கம் வேற ஆரும் மாடு வைச்சிருக்கிற ஆக்கள் இதை வாசிச்சா இங்க எழுதுங்கோ. காலபோகம் வெட்டுற மாசியில நானும் எடுக்கிறனான், அப்ப வேணுமெண்டாலும் சொல்லுங்கோ, எங்கட லொறியிலயே உங்கட கட்டையும் போடலாம்.